நாலு கோடி ரூபாய் ஒயினும் நமது பனங்கள்ளும்

2018 அக்டோபரில் நியூயார்க் நகரத்தில் ஓர் ஏலம் நடந்தது. ஏலம் போனது நிலமல்ல, மில்லல்ல, கப்பலல்ல. ஒரே ஒரு பாட்டில் சிவப்புத் திராட்சை ஒயின்! பிரான்சு தேசத்தில், பர்கண்டிச் சீமையில், ரொமனே கோன்தி என்ற தோட்டத்தில், இரண்டாவது உலக யுத்தம் முடிந்த 1945-ம் வருஷத்தில் பிழிந்தது. அந்த வருஷம் அந்தத் தோட்டத்தில் சுமார் 600 பாட்டில்தான் தேறியது. ஏலத்தில் போன விலை 5,58,000 டாலர். அன்றைய நாணய மாற்றுப்படி நமது பணத்தில் சுமார் 4 கோடி ரூபாய்.

2024-25-ம் வருஷத்துக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 319 ரூபாய். வருஷம் தவறாமல் 100 நாளும் வேலை கிடைத்து, ஒரு காசும் செலவழிக்காமல் நமது விவசாயத் தொழிலாளி அந்தக் கூலியைச் சேர்த்துக்கொண்டே போனால், இந்த ஒரு பாட்டிலை வாங்க 1,250 வருஷம் பிடிக்கும். முற்காலப் பாண்டியர் ஆட்சியில் மண்வெட்டி தூக்கியவன் இப்போதுதான் பாட்டிலைத் தொட்டிருப்பான்!

இவ்வளவு பணம் கொட்டி வாங்கி என்ன செய்கிறார்கள்? பலர் குடிப்பதே இல்லை. பிறகு விற்றால் இன்னும் லாபம் என்று நிலவறையில் போட்டுப் பூட்டி விடுகிறார்கள். குடிக்கிறவர்களும் தனியாகக் குடிப்பதில்லை. ரசிகர்கள் எட்டுப் பத்துப் பேர் சபை கூடுகிறார்கள். லண்டன், பாரிசில் மட்டுமல்ல, நமது சென்னை, பெங்களூர் நட்சத்திர ஓட்டல்களிலும் இன்று இந்தச் சபை உண்டு. பழைய பாட்டிலை முதல் நாளே நிமிர்த்தி வைத்து வண்டல் இறங்க விடுகிறார்கள். கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி, தெளிவை மட்டும் வேறு குடுவையில் வடிக்கிறார்கள். கண்ணாடிக் கிண்ணத்தை வெள்ளைத் துணிக்கு மேலே சாய்த்து நிறம் பார்க்கிறார்கள். இளம் ஒயின் நாவல் பழச் சாறு போல ஊதாவாக இருக்கும். வயது ஏற ஏற ஓரம் வெளிறிச் செங்கல் நிறம் காட்டும். பிறகு கிண்ணத்தைச் சுழற்றி மூக்கை உள்ளே விடுகிறார்கள். பழ வாசனை அடங்கி, பதனிட்ட தோலின் வாசனை, புகையிலை வாசனை, மழைக்குப் பின் காட்டில் மக்கிய இலையின் வாசனை வருகிறதா என்று பார்க்கிறார்கள். கடைசியில்தான் ஒரு வாய். பல பாட்டில்களைப் பார்க்க வேண்டிய நாளில் அந்த ஒரு வாயையும் விழுங்குவதில்லை. நாக்கில் உருட்டி, துவர்ப்பு தணிந்திருக்கிறதா, புளிப்பு நிற்கிறதா, ருசி எவ்வளவு நேரம் தங்குகிறது என்று கவனித்துவிட்டுப் பக்கத்தில் உள்ள வாளியில் துப்பி விடுகிறார்கள். பிறகு நோட்டை எடுத்து, பரீட்சைத் தாள் திருத்துகிற வாத்தியார் மாதிரி, நூற்றுக்கு இத்தனை மார்க் என்று எழுதுகிறார்கள்.

வாளியில் துப்புகிற கதையை மில் வாசலில் சொன்னால் தொழிலாளர்கள் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். ஆனால் இது முழுக்கப் பித்தலாட்டம் என்று சொல்ல நாம் தயாராக இல்லை. கறுப்புத் திராட்சையைத் தோலோடும் விதையோடும் சேர்த்துப் புளிக்க வைப்பதால் சிவப்பு ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் ஏறுகின்றன. நல்ல சரக்காக இருந்தால் காலம் அந்தத் துவர்ப்பைத் தணித்து மெருகேற்றுகிறது. இது நமக்குத் தெரியாத சங்கதியா? இந்த வருஷப் புளிக்கும், உப்புப் போட்டுப் பானையில் அடைத்து வைத்துக் கறுத்துப்போன பழம்புளிக்கும் வித்தியாசம் சொல்லாத நமது தாய்மார் யார்? நாக்குக்கும் மூக்குக்கும் பயிற்சி உண்டு. பயிற்சி பெற்றவன் சொல்லுக்கு மதிப்பும் உண்டு.

ஆனால் கனவான்களின் நாக்கு ஒயினை மட்டும் சுவைப்பதில்லை. பாட்டில்மேல் ஒட்டிய சீட்டையும் சேர்த்துச் சுவைக்கிறது. ரூடி குர்னியவான் என்ற பேர்வழி அமெரிக்காவில் தன் வீட்டிலேயே விலை குறைந்த ஒயின்களைக் கலந்து, பழைய சீட்டு மாதிரியே அச்சடித்து ஒட்டி, அரிய பழைய ஒயின் என்று வருஷக்கணக்கில் கோடீசுவரர்களுக்கு விற்றான். அவர்களோடு உட்கார்ந்து அவனும் சுவை பார்த்தான். அவனது நாக்கைப் போல நாக்கு உண்டா என்று புகழ்ந்தார்கள். 2013-ல் அவன் மோசடிக்காரன் என்று தீர்ப்பாயிற்று. 2014-ல் 10 வருஷம் சிறை. ஏமாந்தவர்களுக்காக நாம் கண்ணீர் விடப் போவதில்லை.

நமது ஆசான்களில் ஒருவருக்கு இந்த ருசி நன்றாகத் தெரியும் என்பதையும் சொல்லி விடுகிறோம். 1868-ல் மார்க்சின் மகள், உங்களுக்கு மகிழ்ச்சி என்றால் எது என்று ஏங்கெல்சைக் கேட்டாள். ஷாத்தோ மார்கோ 1848 என்று பதில் எழுதினார் அந்தப் பெரியவர். ஷாத்தோ மார்கோ என்பது போர்தோ பிரதேசத்தின் பிரசித்தி பெற்ற சிவப்பு ஒயின். 1848 என்பது ஐரோப்பா முழுவதும் புரட்சி வெடித்த வருஷம். கம்யூனிஸ்ட் அறிக்கை வெளிவந்த வருஷமும் அதுவே. இருபது வயதான ஒயினை நினைத்து அவர் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பார். சுவை ஒரு பாவம் என்று கம்யூனிஸ்டுகள் எங்கும் சொன்னதில்லை.

மார்க்சோ திராட்சை விளையும் மோசல் நதிக்கரையில் திரியர் நகரத்தில் பிறந்தவர். அங்கே திராட்சை பயிரிட்ட குடியானவர்கள் விலை வீழ்ந்து, வரி ஏறி, பட்டினி கிடந்தபோது, 1843 ஜனவரியில் அவர்களுக்காகப் பத்திரிகையில் எழுதினார். அதே வருஷம் பிரஷ்ய சர்க்கார் அந்தப் பத்திரிகையை மூடிற்று. பொருளாதாரத்தின் பக்கம் தன்னைத் திருப்பிய விஷயங்களில் இந்தக் குடியானவர்களின் கதியும் ஒன்று என்று மார்க்சே சொன்னதாக ஏங்கெல்ஸ் பின்னால் எழுதியிருக்கிறார். ‘மூலதனம்’ இரண்டாம் பாகத்தில் ஒயின் உதாரணமாகவே வருகிறது. பழம் பறித்தாயிற்று, பிழிந்தாயிற்று, தொழிலாளியின் வேலை முடிந்தது. ஆனால் சரக்கு இன்னும் தயாராகவில்லை. பீப்பாயில் கிடந்து புளிக்க வேண்டும், அடங்க வேண்டும். உழைப்பு நின்ற பிறகும் உற்பத்திக் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தைத்தான் நமது வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். திராட்சை பறித்தவனுக்குக் கூலி அந்த அறுவடையோடு தீர்ந்தது. அதற்குமேல் இருபது, முப்பது, எழுபது வருஷம் பாட்டில் இருட்டில் கிடக்கிறது. காவல்காரன் சம்பளமும் நிலவறை வாடகையும் போனால், அதன்மேல் படிந்தது தூசிதான். விலையோ நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு! அந்த ஏற்றம் யாருக்கு? காத்திருக்க வசதி உள்ளவனுக்கு. இன்றைக்கு விற்காவிட்டால் இன்றைக்கு அடுப்பு எரியாது என்றிருப்பவன் ஒருநாளும் பழைய ஒயினுக்குச் சொந்தக்காரன் ஆக முடியாது.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். அங்கே ஒயின் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை மட்டரக ஒயினாகவே அளந்து கொடுத்தார்கள். சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் பல பத்தாண்டுகள் அந்த வழக்கம் ஓயவில்லை. நல்ல சரக்கு கப்பலேறிச் சீமைக்குப் போகும். கசடு தொழிலாளியின் குடலுக்குப் போகும். குடித்தவன் கடனாளியாகித் தோட்டத்திலேயே கிடப்பான். 2012-ல் டி டோர்ன்ஸ் பள்ளத்தாக்கில் திராட்சைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, துப்பாக்கிச் சூட்டையும் தாங்கி நின்ற பிறகுதான், 69 ராண்டாக இருந்த குறைந்தபட்ச தினக்கூலி 2013 மார்ச்சில் 105 ராண்டாயிற்று.

இனி நமது ஊருக்கு வருவோம். குற்றாலம் ரசனைக்குப் பேர்போன இடம். கும்பெனித் துரைமார் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்த மலையடிவாரம். சாரல் காலத்தில் வெள்ளை அதிகாரிகள் பங்களாக்களில் வந்து தங்கி இளைப்பாறிய ஊர். ரசிகமணி டி.கே.சி. இங்கே வாழ்ந்து 1954-ல் மறைந்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்து, அருவியில் குளித்து, கம்பன் பாட்டைச் சொல் சொல்லாகச் சுவைத்தார்கள். அதை நாம் குறை சொல்லவில்லை; நமது ஜீவாவும் கம்பனில் தோய்ந்தவர்தான். கேள்வி வேறு. ஒரு பாட்டுக்கு ஒரு பொழுதைக் கொடுக்க யாருக்கு முடிந்தது? அதே சாரலில் சிற்றாற்றில் தண்ணீர் வந்ததும் தென்காசி வயல்களில் கார் நடவு தொடங்கிவிடும். இடுப்பு ஒடிய நாற்று நட்ட பெண்ணுக்குச் சாரல் என்றால் நனைந்த சேலையும் நடுக்கமும்தான்.

ஆனால் ருசி பார்க்கும் வித்தை பங்களாக்காரர்களிடம் மட்டும் இருந்தது என்று யாராவது நினைத்தால், அவர் ஆலங்குளம், பாவூர்சத்திரம், சுரண்டைப் பக்கத்துப் பனங்காட்டில் கால் வைக்காதவர். விடிவதற்கு முன்னால் திளாப்பை மாட்டிக்கொண்டு ஏறுகிற பனையேறி, பாளையை இடுக்கியால் நெருக்கி, அரிவாளால் இழை இழையாகச் சீவி, கலயத்தைக் கட்டி வருகிறான். உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் சொட்டும்போதே புளிக்கத் தொடங்கிவிடும்; அதுதான் கள். சுண்ணாம்பு கூடினால் பதநீர் காரும். குறைந்தால் வெயிலில் கள்ளாகத் திரும்பும். எவ்வளவு தடவுவது என்பதை அன்றைய வெக்கையைப் பார்த்து அவன் விரல் முடிவு செய்கிறது. ஒரு சொட்டு நாக்கில் வைத்து, இது அலகுப்பனையின் பாளை, இது பருவப்பனை, இந்த மரம் இந்த வருஷம் வாடியிருக்கிறது என்று சொல்லிவிடுவான். கீழே அவன் பெண்சாதி பதநீரைக் காய்ச்சுகிறாள். பொங்கினால் ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுகிறாள். பாகைத் தண்ணீரில் ஒரு துளி விட்டு விரலால் உருட்டிப் பார்க்கிறாள். பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றுகிறாள். இவர்களுக்கு யார் மார்க் போட்டார்கள்? இறக்கிய கள்ளை வாங்கிக் குடித்துவிட்டு, இறக்கியவனைத் தொட்டால் தீட்டு என்று சொன்ன காலமும் இந்த நாட்டில் இருந்தது.

கள்ளுக்கும் நாலு கோடி ரூபாய் ஒயினுக்கும் ஆதியில் வேறுபாடு கிடையாது. இரண்டும் மரமும் கொடியும் தந்த இனிப்புச் சாறு தானே புளித்தது. ஒயினில் 12, 13 சதவீதம் சாராயம். கள்ளில் சுமார் 5. ஒரே ஒரு வேறுபாடுதான் பெரியது. கள் காத்திருக்காது. காலையில் இனிப்பு, உச்சியில் நுரை, அந்தியில் புளிப்பு, மறுநாள் காடி. அதை நிலவறையில் பூட்ட முடியாது, ஏலம் போட முடியாது, பதுக்க முடியாது. இறக்கியவன் கையிலிருந்து குடிப்பவன் கைக்கு அன்றன்றே போயாக வேண்டும். இடையில் பெருமுதலாளி நுழைய இடமே இல்லாத பானம் அது!

சட்டம் இதை எப்படி நடத்தியது? 1937-ல் ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948-ல் மாகாணம் முழுவதும் வந்தது. 1971-ல் நீங்கியது, 1974-ல் திரும்பியது, 1981-ல் மீண்டும் நீங்கியது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் மட்டும் தடை. பாட்டிலில் அடைத்த சீமை மாதிரிச் சரக்குக்குத் தடை இல்லை. 2003 நவம்பர் முதல் அந்தச் சரக்கைச் சர்க்காரே கடை வைத்து விற்கிறது. 2023-24-ல் இதில் கஜானாவுக்கு வந்தது 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். பனையேறியின் கலயம் குற்றம். ஆலை முதலாளியின் பாட்டில் வருமானம். பதநீர் இறக்கினாலும் நிம்மதி இல்லை என்பது பனையேறிகள் கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழும் புகார். சுண்ணாம்பு சற்றுக் குறைந்து நுரை தட்டினால் கள் என்று வழக்கு. கலயத்தை முகர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற போலீஸ்காரர்தான் நமது சர்க்கார் நியமித்த ஒரே ருசி நிபுணர்!

மலையைத் தாண்டினால் கதை வேறு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கத்தில் இருந்த ஊர். மொழிவழி மாகாணம் பிரிந்தபோது தாலுகாவின் பெரும்பகுதி நம்மிடம் வந்தது; ஆரியங்காவு அந்தப் பக்கம் நின்றது. அங்கே கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. கள் இறக்கும் தொழிலாளிக்குச் சங்கம் உண்டு. 1969-ல் போட்ட சட்டப்படி சேமநல நிதியும் உண்டு. 1996-ல் சாராயத்தைத் தடை செய்தபோதும் கேரளம் கள்ளைத் தொடவில்லை. இந்தப் பக்கம் கலயம் கட்டுகிறவனைக் குற்றவாளி என்றும், கணவாய்க்கு அந்தப் பக்கம் கலயம் கட்டுகிறவனைத் தொழிலாளி என்றும் சொல்வது என்ன நியாயம்?

நமது தொழிலாளி இன்று குடிப்பது எதை? பிராந்தி என்று பேர். உண்மையான பிராந்தி திராட்சை ஒயினைக் காய்ச்சி வடிப்பது. இங்கே அந்தப் பேரில் வருவது பெரும்பாலும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த சாராயத்தில் நிறமும் வாசனையும் சேர்த்தது, 42.8 சதவீதம். நாலு கோடி ரூபாய்க்காரன் ஒரு வாயை நாக்கில் உருட்டித் துப்புகிறான். ராத்திரி ஷிப்ட் முடிந்த மில் தொழிலாளி கடைக்குப் பக்கத்தில் நின்றபடியே, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரே மடக்கில் விழுங்குகிறான். அவன் சுவைக்கவில்லை. உடம்பு வலியை மறக்க மருந்து குடிக்கிறான். சுவைக்க உட்கார இடம் வேண்டும், பேச நாலு பேர் வேண்டும், மறுநாள் வேலை போகாது என்ற தைரியம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நேரம் வேண்டும். எட்டு மணி நேர வேலைக்காக நமது முன்னோர் ரத்தம் சிந்தியது இதற்காகவும்தான். இன்று பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு, தொழிலாளி குடித்துக் கெடுகிறான் என்று உபதேசம் செய்கிறார்கள்!

நமது மாதர் சங்கத் தோழியர் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. கள்ளும் குடிதானே, அதைத் திறந்தால் வீட்டுக்கு வரும் கூலி அங்கேயும் போகாதா என்கிறார்கள். நியாயமான கேள்வி. கள் அமிர்தம், கள் உணவு என்று மேடையில் முழங்குகிறவர்களோடு நாம் சேர மாட்டோம். கள்ளும் குடும்பத்தைக் கெடுக்கும். கெடுத்ததைப் பார்த்தவர்கள் நமது கிராமங்களில் இருக்கிறார்கள். பழைய காலத்தில் கள்ளுக்கடையை ஏலம் எடுத்த குத்தகைக்காரன், ஏலப் பணத்தை மீட்பதற்காகத் தண்ணீர் ஊற்றினான், மருந்து கலந்தான், கூலி நாள் வரை கடன் கொடுத்துத் தொழிலாளியைக் கட்டிப் போட்டான். அந்தக் கடை மறுபடி வேண்டாம். ஆனால் தடை எதைக் காத்தது? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து 60-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்கள்.

ஆகவே நமது அபிப்பிராயம் இது. கள் இறக்க அனுமதி பனையேறியின் பேரில் இருக்க வேண்டும். கடை பனையேறிகளின் கூட்டுறவுச் சங்கத்தின் பேரில் இருக்க வேண்டும். குத்தகையும் ஏலமும் கூடாது. அன்று இறக்கியது அன்றே விற்று, பொழுது சாயக் கடை அடைக்க வேண்டும். கடனுக்குக் கொடுக்கக் கூடாது. மில் வாசலிலும் பள்ளிக்கூடத்துப் பக்கத்திலும் கடை கூடாது. கடை எங்கே என்பதைப் பெண்கள் உட்கார்ந்த கிராமசபை தீர்மானிக்க வேண்டும். பதநீர்க் கலயத்துக்காகப் போட்ட வழக்குகளை ரத்துச் செய்ய வேண்டும். மரத்திலிருந்து விழுந்தவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு அலையாமல் கிடைக்க வேண்டும்.

கருப்பட்டி விஷயம் இதைவிட அவசரம். கள் காத்திருக்காது என்றோம், கருப்பட்டி காத்திருக்கும். பரணில் புகை படும்படி வைத்தால் கெடாது. பழையதற்கு மவுசும் உண்டு. ஆனால் காத்திருப்பது யார்? பனையேறி தை மாதமே வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிடுகிறான். சித்திரை, வைகாசியில் சரக்கு குவியும்போது சொன்ன விலைக்குப் போட்டாக வேண்டும். வியாபாரி கிட்டங்கியில் அடுக்கி, சீசன் ஓய்ந்து விலை ஏறிய பிறகு விற்கிறான். சிலர் வெள்ளைச் சர்க்கரையைக் கலந்து ஒன்றை இரண்டாக்கியும் விடுகிறார்கள். பிரான்சின் நிலவறையில் நடப்பதே பாவூர்சத்திரத்துக் கிட்டங்கியிலும் நடக்கிறது. பாட்டிலுக்குப் பதில் கருப்பட்டி, அவ்வளவுதான். கூட்டுறவுக் கிட்டங்கி கட்டி, வைத்த சரக்கின்பேரில் வட்டியில்லாக் கடன் கொடுத்து, ரேஷன் கடைகளுக்கு நியாய விலையில் சர்க்கார் நேரடியாக வாங்கினால், ஆடிக்குப் பிறகு வரும் விலை ஏற்றம் மரம் ஏறியவனுக்கே வரும்.

தை பிறந்தால் பாளை சீவத் தொடங்கி விடுவார்கள். அதற்குள் ஜில்லாவில் பனையுள்ள கிராமங்களிலெல்லாம் நமது கிளைத் தோழர்கள் வீடு வீடாகப் போய், எத்தனை மரம் ஏறுகிறார்கள், எத்தனை குடும்பம், யாரிடம் எவ்வளவு முன்பணம், வழக்கு ஏதாவது உண்டா என்று நோட்டில் எழுதி வர வேண்டும். பெண்கள் காய்ச்சுகிற வேலைக்குத் தனிக் கணக்கு எடுக்க வேண்டும். இதுவரை யாரும் அதை எழுதியதில்லை. நோட்டுகள் கார்த்திகைக்குள் தென்காசி கட்சி அலுவலகத்துக்கு வந்து சேரட்டும்.